முன்னோர் கல்லறைகளைத் தேடித் தனியாகக் கார்ப் பயணம்: திட்டமிடுவது முதல் கல்லெழுத்தைப் படிப்பது வரை

கேள்வி: கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி, அவர்களுக்கும் மூத்தவர்கள் என்று நான்கைந்து பேரின் கல்லறைகள் வெவ்வேறு ஊர்களில் இருக்கின்றன. தனியாகவே காரில் போய் எல்லாவற்றையும் பார்த்துவர நினைக்கிறேன். எப்படித் திட்டமிடுவது? எழுத்து தேய்ந்த கல்லை எப்படிப் படிப்பது? சுத்தம் செய்யலாமா?

பதில்: இந்த மாதிரிப் பயணத்தைப் பலரும் சாலையை வைத்துத்தான் திட்டமிடுகிறார்கள். முதல் நாள் இத்தனை கிமீ, இரண்டாம் நாள் இத்தனை கிமீ என்று போட்டுக்கொண்டு கிளம்புகிறார்கள். போய்ச் சேரும்போது அலுவலகம் பூட்டியிருக்கும், வெயில் கல்லின் முதுகில் விழுந்துகொண்டிருக்கும், முகத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. நீங்கள் தலைகீழாகப் போடுங்கள். பதிவேட்டை வைத்திருப்பவர் எந்தக் கிழமை இருப்பார், கல்லில் எந்த நேரத்தில் சரியான வெளிச்சம் விழும் என்ற இரண்டையும் முடிவு செய்யுங்கள். ஓட்டவேண்டிய தூரத்தை அதற்கேற்பப் பங்கிடுங்கள்.

கிளம்புவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே வேலை தொடங்கிவிட வேண்டும். ஒவ்வொருவருக்கும் உங்கள் கையில் இருக்கவேண்டியது பிரிவு, வரிசை, குழி எண் ஆகிய மூன்றும். கல்லறைத் தோட்டத்தின் பெயர் மட்டும் தெரிந்தால் போதாது. சில ஆயிரம் கல்லறைகள் உள்ள தோட்டத்தில் எண் இல்லாமல் ஒற்றை ஆளாகத் தேடினால் ஒரு பகல் முழுக்கப் போய்விடும். இறப்புச் சான்றிதழில் அடக்க இடம் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்தது அடக்கப் பதிவேடு. அது தேவாலயத்திடமோ, பள்ளிவாசலிடமோ, நகராட்சியிடமோ, தோட்டத்தின் சொந்த அலுவலகத்திடமோ இருக்கும். கடிதமோ மின்னஞ்சலோ அனுப்பும்போது "இவர் எங்கே இருக்கிறார்" என்று மட்டும் கேட்காதீர்கள். அதே குழியில் வேறு யாராவது அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்களா, கல் எழுப்பப்பட்டதாகப் பதிவு உண்டா, குழி குத்தகைக்கு விடப்பட்டதா, படமெடுக்கவும் கல்லைக் கழுவவும் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும், மனைகளின் வரைபடம் கிடைக்குமா என்று ஐந்தையும் ஒரே கடிதத்தில் கேளுங்கள். குத்தகைக் கேள்வியை விட்டுவிடக் கூடாது. பல தோட்டங்களில் குறிப்பிட்ட காலம் முடிந்து யாரும் புதுப்பிக்காவிட்டால் அதே இடத்தில் வேறொருவரை அடக்கம் செய்துவிடுவார்கள். இதை நேரில் போய்த் தெரிந்துகொள்வது மிகுந்த வேதனை தரும். முன்கூட்டியே தெரிந்தால் பதிவேட்டுப் பக்கத்தையாவது பார்க்க ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

பெயரின் எழுத்துக்கூட்டலில் பிடிவாதம் வேண்டாம். தமிழ் ஒலி தெரியாத எழுத்தர் காதில் விழுந்ததை எழுதியிருப்பார். ‘ழ’ வரும் பெயர் மூன்று விதமாகத் திரிந்திருக்கும், ச-வில் தொடங்கும் பெயர் அகரவரிசையில் எங்கோ போய் உட்கார்ந்திருக்கும், தகப்பன் பெயர் குடும்பப் பெயராக மாறியிருக்கும். எல்லாத் திரிபுகளையும் ஒரு தாளில் எழுதி அனுப்பிவிடுங்கள். பெயரைவிட இறந்த தேதியை வைத்துத் தேடுவது பெரும்பாலும் சீக்கிரம் முடியும், ஏனென்றால் பழைய பதிவேடுகள் அடக்கம் நடந்த வரிசையில் எழுதப்பட்டவை.

இணையத்தில் 1995-இல் தொடங்கிய ஃபைண்ட் எ கிரேவ் என்னும் கல்லறைப் பதிவுத் தளம், படத்தோடு ஜிபிஎஸ் இருப்பிடத்தையும் சேர்த்து வைக்கும் பில்லியன்கிரேவ்ஸ், பதிவேட்டுப் பிரதிகளை இலவசமாகப் பார்க்கத் தரும் ஃபேமிலிசர்ச் ஆகிய மூன்றையும் பாருங்கள். உலகப் போர்களில் இறந்த காமன்வெல்த் நாட்டுப் படைவீரர் என்றால் 1917-இல் நிறுவப்பட்ட காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தேடுபக்கம் மிகத் துல்லியமானது. மனை, வரிசை, கல்லறை எண் மூன்றும் வந்துவிடும். உடல் எரிக்கப்பட்டவருக்கும், உடல் கிடைக்காதவருக்கும் கல்லறை இருக்காது. அவர்கள் பெயர் ஏதாவதொரு நினைவுச்சுவரில் எந்தப் பலகையில் இருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மற்றத் தளங்களில் ஓர் எச்சரிக்கை: பக்கம் இருக்கிறது என்பதற்காகக் கல் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். படம் இல்லாத பதிவு வெறும் பட்டியலிலிருந்து ஏற்றப்பட்டதாக இருக்கலாம். அங்கே காட்டும் வரைபடப் புள்ளியும் பலநேரம் தோட்டத்தின் வாசல்தான். ஜிபிஎஸ் எண்ணில் தசமப் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் இருந்தால் ஏறத்தாழ ஒரு மீட்டர் நுணுக்கம், நான்கு என்றால் பதினோரு மீட்டர், மூன்று என்றால் நூறு மீட்டருக்கு மேல். கைப்பேசியோ திறந்த வானத்தின் கீழேயே நான்கைந்து மீட்டர் பிசகும், மரத்தடியில் இன்னும் மோசம். ஆகையால் எண்ணோடு ஓர் அடையாளமும் வேண்டும்: பெரிய குடும்பக் கல்லறை, குழாய், மதில் மூலை, அங்கிருந்து இத்தனை அடி என்று.

இனி வெளிச்சம். தேய்ந்த எழுத்தைப் படிக்க வைப்பது பிரகாசம் அல்ல, கல்லின் முகத்தை உரசிக்கொண்டு போகும் சாய்ந்த ஒளி. அப்போதுதான் அரை மில்லிமீட்டர் பள்ளத்திலும் நிழல் விழும். வெயில் நேராக முகத்தில் அடித்தால் எல்லாம் தட்டையாகிவிடும். கிழக்கு பார்த்த கல்லுக்கு விடிகாலை பயன்படாது. சூரியன் உச்சிக்கு வருவதற்கு முந்தைய அரைமணி, முக்கால்மணி நேரத்தில்தான் ஒளி மேலிருந்து வழிந்து எழுத்தைத் தூக்கிக் காட்டும். மேற்கு பார்த்த கல்லுக்கு உச்சி தாண்டியவுடன் அதே அளவு நேரம். உச்சி என்பது கடிகாரத்தின் பன்னிரண்டு மணி அல்ல. அந்த ஊரின் சூரிய உதயத்துக்கும் மறைவுக்கும் நடுநேரத்தைக் கணக்கிட்டால் அதுதான். தரையில் படுத்திருக்கும் பலகைக் கல்லுக்கு சூரியன் அடிவானத்தில் தாழ்ந்திருக்கும் காலையோ மாலையோ வேண்டும். கடக ரேகைக்கு வடக்கே உள்ள நாடுகளில் வடக்கு பார்த்த கல்லின் மேல் ஆண்டின் பாதி நாள் வெயிலே படாது, மீதி நாளிலும் பெரும்பாலும் காலையிலும் மாலையிலும் மட்டும்தான். மகர ரேகைக்குத் தெற்கே இதுவே தெற்கு பார்த்த கல்லுக்கு. இணையத்தில் ஏற்கெனவே படம் இருந்தால் நிழல் விழும் திசையையும் செயற்கைக்கோள் படத்தையும் ஒப்பிட்டுக் கல் எந்தத் திசை பார்க்கிறது என்று வீட்டிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். போய்ச் சேரவேண்டிய நேரம் அதிலிருந்து கிடைத்துவிடுகிறது.

வெயில் ஒத்துழைக்காவிட்டால் முகம் பார்க்கும் கண்ணாடி. ஒரு மீட்டர் உயரமுள்ள அக்ரிலிக் கண்ணாடிப் பலகை போதும், உடைந்து கையை அறுக்காது. வெயில் விழும் இடத்தில் கல்லுக்குப் பக்கவாட்டில் மூன்று நான்கு மீட்டர் தள்ளி வைத்து, ஒளியை முகத்தின் மேல் சறுக்கிவிட வேண்டும். துணைக்கு ஆள் இல்லாததால் கண்ணாடியைப் பையில் சாய்த்து நிறுத்தி, கைப்பேசியை முக்காலியில் பொருத்தி, பத்து விநாடி டைமர் போடுங்கள். மேகமூட்டமான நாளில் பெரிய கறுப்புக் குடையால் கல்லுக்கு நிழல் கொடுத்து, டார்ச்சைக் கல்லின் விளிம்பை ஒட்டிப் பிடிப்பது இன்னும் எளிது. இடம், வலம், மேல், கீழ் என நான்கு பக்கமிருந்தும் ஒவ்வொரு படம். இடமிருந்து எடுத்ததில் மறைந்த எழுத்து மேலிருந்து எடுத்ததில் வந்துவிடும். பிறகு கறுப்பு வெள்ளையாக்கி, நிறத்தைத் தலைகீழாக்கிப் பார்த்தால் இன்னும் இரண்டு எழுத்தாவது கூடுதலாகக் கிடைக்கும்.

எழுத்து தெரியவேண்டும் என்பதற்காகச் சாக்பீஸ் தேய்ப்பது, மாவு பூசுவது, சவர நுரை அடிப்பது எதையும் செய்யாதீர்கள். நுரையில் உள்ள அமிலங்கள் கல்லின் துளைகளில் தங்கிவிடும். மாவு பாசிக்கும் பூஞ்சைக்கும் உணவாகும். தாளை வைத்துக் கிரேயானால் தேய்த்து எடுக்கும் படியைப் பல தோட்டங்கள் தடை செய்திருக்கின்றன. மேற்தோல் கழன்ற கல்லை அந்த அழுத்தமே உதிர்த்துவிடும்.

தமிழ்க் கல்லாக இருந்தால் எண்களில் கவனம் வேண்டும். பழைய கற்களில் தமிழ் எண்கள் இருக்கும், அவையும் இன்றைய இட மதிப்பு முறையில் இல்லாமல் பத்து, நூறு, ஆயிரம் குறிகளோடு இருக்கலாம். ௲௮௱௭௰௫ என்றிருந்தால் ஆயிரம், எட்டு நூறு, ஏழு பத்து, ஐந்து: 1875. ௵ ஆண்டு, ௴ மாதம், ௳ நாள். தேய்ந்த கல்லில் ௧ என்பதும் க என்பதும் ஒன்றே, ௭ என்பதும் எ என்பதும் ஒன்றே, எண்ணா எழுத்தா என்பதை அடுத்திருக்கும் குறிதான் சொல்லும். கூடவே ஆண்டின் பெயர் வெட்டப்பட்டிருந்தால் அது பெரிய உதவி. அறுபது ஆண்டு வட்டம் பிரபவவில் தொடங்குகிறது. 1867, 1927, 1987 மூன்றும் பிரபவ. ஒன்பதாவதான யுவ 1875, 1935, 1995 ஆண்டுகளின் ஏப்ரல் நடுவில் தொடங்கியது. ஆகவே கடைசி இலக்கம் அழிந்துபோய் ‘யுவ’ மட்டும் தெரிந்தாலும் ஆண்டு கிடைத்துவிடும். தை, மாசி, பங்குனி மாதம் என்றால் ஆங்கில ஆண்டில் ஒன்று கூட்ட வேண்டும். தை தொடங்குவதே ஜனவரி நடுவில்தான், எனவே மார்கழிப் பின்பாதியில் இறந்தவருக்கும் அதே கணக்கு. கல்லில் வேறு ஆண்டுக் கணக்கு இருந்தால், ஆங்கில ஆண்டைப் பெற, கொல்லம் ஆண்டோடு 824 அல்லது 825, சக ஆண்டோடு 78 அல்லது 79 கூட்டுங்கள். ஹிஜ்ரி ஆண்டை 0.97-ஆல் பெருக்கி 622 கூட்டினால் ஓராண்டுப் பிசகுக்குள் வரும்: 1300 என்றால் 1883. கிழமையும் வெட்டியிருந்தால் தேதியோடு ஒத்துப்போகிறதா என்று கட்டாயம் சரிபாருங்கள். 3-ஆ 8-ஆ என்ற சந்தேகத்தைக் கிழமை தீர்த்துவைக்கும். லத்தீனில் ‘ஏடாடிஸ் சுவே 50’ என்றிருந்தால் அது ஐம்பதாவது வயதில் நடந்துகொண்டிருந்தார் என்று பொருள், அதாவது நிறைந்தது 49. பிறந்த ஆண்டைக் கணக்கிடுவதில் இங்கேதான் பலர் ஓராண்டு தவறுகிறார்கள்.

சுத்தம் செய்யலாமா என்று கேட்டீர்கள். முதல் வருகையில் தண்ணீர் மட்டும் போதும், அதுவும் அனுமதி இருந்தால். விரல் நுனியால் மெல்லத் தடவுங்கள். மணல்போல உதிர்ந்தாலோ, பளிங்கு சர்க்கரைபோல் பொடிந்தாலோ, விரல் முட்டியால் தட்டும்போது உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் ஒலித்தாலோ கையை எடுத்துவிட்டுப் படம் மட்டும் எடுங்கள். உறுதியான கல் என்றால் முதலில் நன்றாக நனையுங்கள். பிறகு மென்மையான நைலான் அல்லது இயற்கை நார்ப் பிரஷ்ஷால் கீழிருந்து மேலாகத் தேய்த்து, தேய்க்கத் தேய்க்கக் கழுவிக்கொண்டே வர வேண்டும். மேலிருந்து தொடங்கினால் அழுக்கு நீர் காய்ந்த கீழ்ப்பகுதியில் வழிந்து கோடு விழும். எழுத்தின் பள்ளத்துக்கு மூங்கில் குச்சி போதும். ஒரு கல்லுக்குப் பத்து முதல் பதினைந்து லிட்டர் தண்ணீர் பிடிக்கும். தோட்டத்தில் குழாய் இருக்கும் என்று நம்பாமல் ஐந்து லிட்டர் கேன்கள் மூன்றும், கையால் அழுத்தும் தெளிப்பான் ஒன்றும் எடுத்துப்போங்கள். கல்லில் செதில்போல் ஒட்டி வளரும் லைக்கனைப் பிய்க்கக் கூடாது. அதன் இழைகள் கல்லுக்குள் இறங்கியிருக்கும், இழுத்தால் கல்லோடு எழுத்தும் வரும். கம்பிப் பிரஷ், வினிகர், பிளீச், பிரஷர் வாஷர் நான்கும் கல்லுக்கு எமன். பளிங்கும் சுண்ணாம்புக் கல்லும் கால்சியம் கார்பனேட், எந்த அமிலம் பட்டாலும் கரையும். பிளீச் விட்டுச்செல்லும் உப்பு உள்ளே படிகமாகி, சில ஆண்டுகளில் மேற்தோலைத் தள்ளிவிடும். இரவில் உறைபனி விழும் காலத்தில் தண்ணீர்கூட வேண்டாம், உள்ளே புகுந்த நீர் உறைந்து விரிந்து கல்லைப் பிளக்கும்.

தனியாகப் போகிறவருக்கு இன்னொரு ஆபத்து, கல்லின் எடை. ஒரு மீட்டர் உயரம், அறுபது சென்டிமீட்டர் அகலம், பத்து சென்டிமீட்டர் கனமுள்ள கருங்கல் பலகை ஏறத்தாழ 160 கிலோ. உள்ளே இருக்கும் இரும்பு முளை துருப்பிடித்து விரிந்து, அடிப்பகுதி விரிசல் விட்டிருப்பது வெளியே தெரியாது. சாய்ந்து நிற்கும் கல்லின் முன்பு மண்டியிடாதீர்கள், அதைப் பிடித்துக்கொண்டு எழாதீர்கள். குப்புற விழுந்து கிடக்கும் கல்லை ஒருபோதும் தனியாகப் புரட்ட வேண்டாம். எத்தனை ஆசையாக இருந்தாலும் அலுவலகத்தில் சொல்லிவிட்டு, விளிம்புகளைப் படமெடுத்துக்கொண்டு வாருங்கள். புதர் மண்டிய பகுதியில் கணுக்காலை மூடும் பூட்ஸ், முழுக்கால்சட்டை, கையில் ஒரு தடி. தடியால் தரையைத் தட்டிக்கொண்டே நடந்தால் பாம்பு விலகும், உள்வாங்கிய குழியும் காலுக்கு முன்பே தெரிந்துவிடும். கல்லின் பின்பக்கத்தில் குளவிக்கூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

எண் சரியாக இருந்தும் கல்லே இல்லையென்றால் உடனே திரும்பிவிடாதீர்கள். அதே வரிசையில் பெயர் தெரிந்த இரண்டு கற்களைப் பிடித்து, அவற்றின் குழி எண்ணை அலுவலகத்தில் கேட்டுவிட்டு, அடி அளந்து நடுவில் எண்ணுங்கள். சில தோட்டங்களில் எண் இடவரிசையில் போகும், சிலவற்றில் அடக்கம் நடந்த வரிசையில். எது என்று தெரியாமல் எண்ணினால் வேறொருவர் தலைமாட்டில் போய் நிற்பீர்கள். நீளவாட்டில் லேசாகத் தாழ்ந்த தரை, வறட்சியிலும் சற்றுப் பச்சையாக நிற்கும் புல் இரண்டும் அடையாளம். ஏழைகளுக்குக் கல் வைக்கப்படவே இல்லாதது மிகச் சாதாரணம், மரச் சிலுவையும் மரப் பலகையும் ஒரு தலைமுறைக்குமேல் நிற்பது அரிது. பழைய தோட்டமே இடம் மாற்றப்பட்டு, எலும்புகள் புதிய இடத்துக்குக் கொண்டுபோகப்பட்டிருக்கவும் கூடும்.

படங்களை ஒரு வரிசையில் எடுங்கள்: வாசல் பலகை, வரிசையின் தூரப்பார்வை, கல் முழுவதும் நேர் முன்னிருந்து, எழுத்து நெருக்கத்தில், பிறகு முதுகும் விலாவும் அடியும். கல்வெட்டியவர் பெயர் அடியில் புல்லுக்குள் இருக்கலாம். இரண்டு பக்கமும் மூன்று மூன்று கற்களையும் எடுத்துவிடுங்கள். பெயர் மாறிப்போன மகள்களும் மருமகன்களும் பெரும்பாலும் அங்கேதான் இருப்பார்கள், இதை வீட்டுக்கு வந்தபிறகு உணர்ந்தால் மறுபடி ஒரு பயணம். அங்கேயே நின்று, கல்லில் உள்ள வரி முறிவும் எழுத்துப் பிழையும் அப்படியே இருக்கும்படி நோட்டில் எழுதுங்கள். உறுதியில்லாத எழுத்தைச் சதுர அடைப்பில் போடுங்கள். அன்று இரவே இரண்டு இடங்களில் பிரதி எடுத்துவையுங்கள்.

சாலையைப் பொறுத்தவரை, எண் தெரிந்த கல்லறைக்கு இரண்டு மூன்று மணிநேரம், தெரியாததற்குக் குறைந்தது அரை நாள். அதனால் ஒரு நாளுக்கு இரண்டு தோட்டங்களுக்கு மேல் வைக்காதீர்கள். அலுவலக வேலை உள்ள தோட்டத்தை வாரநாளில், காலையில் வையுங்கள். தோட்டத்தில் நின்று வேலை செய்த நாளில் ஓட்டுவது ஐந்து மணிநேரத்தைத் தாண்டக் கூடாது. இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை கால்மணி நேரம் இறங்கி நடக்க வேண்டும். மணிக்கு 100 கிமீ வேகத்தில் நான்கு விநாடி கண் சொக்கினால் கார் 111 மீட்டர் ஓடிவிடும், பக்கத்தில் தட்டி எழுப்ப ஆளில்லை. பிற்பகல் இரண்டிலிருந்து நான்கு வரையும், நள்ளிரவிலிருந்து விடியும்வரையும் உடம்பே தூக்கத்துக்கு இழுக்கும். கண் எரிந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ஒரு காபி குடித்துவிட்டு உடனே இருபது நிமிடம் படுங்கள். காஃபின் வேலை செய்ய அரைமணி நேரம் போல் ஆகும், விழிக்கும்போது இரண்டின் பலனும் சேர்ந்து கிடைக்கும். கல்லறை முன் நின்றுவிட்டு வந்த மனநிலையில் உடனே ஸ்டீயரிங்கைப் பிடிக்க வேண்டாம். அழுகை வரலாம், எதுவுமே தோன்றாமல் வெறுமையாகவும் இருக்கலாம், இரண்டிலும் கவனம் சாலையில் இருக்காது. அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்து குறிப்புகளைச் சரிபார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

டயர்க் காற்றைக் காலையில் வண்டி எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். அளவு ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். ஸ்டெப்னியின் காற்றையும் பாருங்கள். அது மெல்லிய தற்காலிக டயர் என்றால் பொதுவாக 80 கிமீ வேகத்துக்குமேல் ஓட்டக் கூடாது. டேங்க் பாதியானதும் நிரப்புங்கள். பழைய தோட்டங்களின் கடைசி ஒரு கிலோமீட்டர்தான் வண்டியைச் சிக்கவைக்கும் இடம்: ஈரப் புல், மண் தடம், திரும்ப இடமில்லாத சந்து. நடந்து பார்த்துவிட்டு ஓட்டுங்கள், சந்தேகமிருந்தால் தார்ச்சாலையிலேயே விட்டுவிட்டு நடந்து போங்கள். வரைபடத்தை முன்பே கைப்பேசியில் இறக்கிவையுங்கள். வீட்டில் ஒருவரிடம் ஒவ்வொரு நாளின் தோட்டப் பெயர், உள்ளே போகும் நேரம், எத்தனை மணிக்குள் அழைப்பு வராவிட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதை எழுதிக்கொடுங்கள். கல் காலில் விழுந்து கிடப்பவரை அந்தத் தாள்தான் கண்டுபிடித்துக் கொடுக்கும்.

திரும்பி வந்ததும் கல்லில் உள்ள தேதியைப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். கல் பல ஆண்டு கழித்து, நினைவிலிருந்து சொல்லி வெட்டப்பட்டிருக்கலாம். இரண்டும் வேறுபட்டால் அடக்கத் தேதிக்குப் பதிவேட்டை நம்புங்கள், உறவுமுறைக்குக் கல்லை. படங்களை இணையத்தில் ஏற்றுமுன், ஒரே கல்லில் இன்னும் உயிரோடிருக்கும் துணைவரின் பெயரும் பிறந்த தேதியும் முன்கூட்டியே வெட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்து அந்தப் பகுதியை மறையுங்கள். தோட்ட அலுவலகத்துக்கும் உங்கள் படங்களில் ஒரு பிரதி அனுப்புங்கள்: குழி எண், படியெடுத்த வாசகம், கல் சாய்ந்திருந்தால் எந்தப் பக்கம் எவ்வளவு என்ற குறிப்போடு.